எக்ஸ்ரே உபதேசியாரின் கருத்து நோட்டு

கொடைக்கானலில் மனிதரை மிக அதிகமாக ஆத்திரப்படுத்திய உயிர் நடுச்சாலையில் நின்றுகொண்டு நகர மறுக்கும் காட்டுமாடுதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எங்கள் எக்ஸ்ரே உபதேசியாரைச் சந்தித்ததில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். காட்டுமாடு அரை மணி நேரம் முறைக்கும். பிறகு தானாகவே ஏதேனும் ஒரு தோட்டத்து வேலியைச் சாய்த்துக்கொண்டு போய்விடும். அது நம்மிடம் கேள்வி எதுவும் கேட்பதில்லை.

உபதேசியார் கேட்பார். அவரிடம் இருந்தது ஒரே கேள்விதான். ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே, அவரோடு சண்டை போடாத குடும்பம் எங்கள் கோயில் பங்கில் இல்லை என்னும் நிலையை மூன்றே மாதத்தில் உண்டாக்கிவிட்டார்.

எங்கள் கோயில் வழக்கத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். உபதேசியார் என்பவர் சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களைக் கவனிக்கும் ஊழியர். மணி அடிப்பது முதல் ஞானஸ்நானப் பதிவேடு எழுதுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் பூசை வைப்போம். இறந்த தகப்பனாருக்காக, பரீட்சை எழுதும் மகளுக்காக, நலமாகத் திரும்பி வந்த மகனுக்கு நன்றியாக, இப்படி எதற்காகவாவது பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி முன்கூட்டியே பெயர் கொடுப்போம். எதற்காக என்பதற்கு எங்கள் வழக்கில் ‘கருத்து’ என்று பெயர். அதை உபதேசியார் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைப்பார். பூசையின்போது சாமியார் அதை உரக்க வாசிப்பார். சபையார் மன்றாடுவார்கள். அவ்வளவுதான் சங்கதி. இதில் ஒருவர் ஊரையே இரண்டாக்க முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

இவருக்கு முன்பிருந்த உபதேசியார் தங்கமான மனிதர். சொன்னதை எழுதுவார். சொல்லத் தயங்கினால் ‘தனிக் கருத்து’ என்று எழுதி, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் அனுப்பிவைப்பார். தனிக் கருத்து என்பது எத்தனை வசதியான ஏற்பாடு என்பதை, அது போன பிறகுதான் நாங்கள் உணர்ந்தோம்.

புதியவர் வந்த முதல் வாரமே அந்தச் சொல்லை ஒழித்தார். மே மாதத்திலும் கழற்றாத குரங்குக் குல்லாய், கழுத்தில் இரண்டு சுற்று மப்ளர், காதுக்குப் பதிலாக நூலில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. கோயில் பக்கவாட்டு வராந்தாவில், மழைக்காலத்தில் மேகமே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஓர் ஈரமான மூலையில், மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோட்டைத் திறப்பார். பேனாவின் மூடியைக் கழற்றுவார். பிறகு கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்து, “சொல்லுங்க, என்ன கருத்து?” என்பார். சொன்னால் உடனே எழுதமாட்டார். “நெசமாவே அதுதானா?” என்பார். அந்த இரண்டாவது கேள்வியில்தான் குடும்பங்கள் கவிழ்ந்தன.

அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அதைப் பெருமையோடு அறிவித்தும் வைத்திருந்தார். “நானா ஒரு எழுத்து சேக்க மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். உங்க வாயில கடைசியா என்ன வருதோ, அதை எழுதுவேன்.” கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. காட்டேஜ் சேவியரைக் கேட்டுப்பாருங்கள், தெரியும்.

சேவியர் தம் வீட்டு மாடியில் மூன்று அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர். எதிர்வீட்டு அமல்ராஜும் அதே தொழில். சீசனுக்கு முன் சேவியர் பூசை வைக்க வந்தார்.

“சீசன் நல்லா நடக்கணும்னு எழுதுங்க.”

“ஊருக்கா, உங்களுக்கா?”

“ஊருக்குத்தாங்க.”

“ஊருக்குன்னா எதுத்த வீட்டு அமல்ராஜும் சேத்திதானே. அவரு பேரையும் போட்டுரவா?”

“அவனுக்கு எதுக்குங்க? எனக்கு வர்ற பார்ட்டியை பஸ் ஸ்டாண்டுலயே மறிச்சுக் கூட்டிட்டுப் போறவன் அவன்.”

“அப்ப ஊருக்கு இல்ல.”

“என்னங்க நீங்க, வக்கீலாட்டம் நோண்டுறீங்க? ஆமா, அவன் காட்டேஜ் இந்த சீசன் பூராவும் பூட்டிக் கெடக்கணும். அதுதான் எனக்கு வேணும். போதுமா?”

“போதும்” என்று உபதேசியார் எழுதிக்கொண்டார்.

அப்போது எங்கள் பங்குக்கு வந்திருந்த சாமியார் சமவெளிக்காரர், இளைஞர். அங்கிக்குள் இரண்டு ஸ்வெட்டர் அணிந்தும் நடுங்கிக்கொண்டிருப்பார். சீக்கிரம் முடித்துவிட்டு ஹீட்டருக்குப் போக வேண்டும் என்கிற தவிப்பில், நோட்டில் இருப்பதை முன்னதாகப் படித்துப் பார்ப்பதில்லை. இருந்ததை இருந்தபடியே, கோயில் அறிவிப்பு வாசிக்கும் அதே சுருதியில் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்: “எதிர்வீட்டு அமல்ராஜ் அவர்களின் காட்டேஜ் இந்த சீசன் முழுவதும் பூட்டிக் கிடக்க வேண்டுமென்று, சேவியர் அவர்களுக்காக, ஆண்டவரை மன்றாடுவோம்.” பழக்க தோஷத்தில் கோயில் முழுவதும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. மூன்றாவது பெஞ்சில் மண்டியிட்டிருந்த அமல்ராஜும் பக்தியோடு சேர்ந்து சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

இதற்கெல்லாம் உச்சம் பிலோமினாவின் விவகாரம். பிலோமினா ஏரிக்குப் போகும் வழியில் சாக்லேட் கடை வைத்திருப்பவள். தன் மாமியாரின் நல்மரணத்துக்காகப் பூசை கேட்டாள். நல்ல மரணம் கிடைக்க வேண்டுமென்று வேண்டுவது எங்களிடையே மதிப்புக்குரிய பழைய வழக்கம். உபதேசியார் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தம்மா நேத்து வெள்ளனே ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வந்து, எங்கிட்ட நின்னு பேசிட்டுப் போறாங்க. இப்ப என்ன அவசரம்?”

“அவசரம்னு யாரு சொன்னா? நல்லபடியா போகணும்னுதான் கேக்குறேன்.”

“நல்லபடியாவா, வெரசாவா? எதைப் போட?”

“நீங்க உபதேசியாரா, எக்ஸ்ரே மிசினா?” என்று பிலோமினா கத்தியது வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அன்று சூட்டிய பெயர்தான் எக்ஸ்ரே. அவருடைய இயற்பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் அதை உச்சரித்துக் கேட்டதில்லை. மறுநாள் காலை அந்த மாமியாரே தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். “எம்மருமக நல்மரணத்துக்கு ஒரு பூசை போடுங்க. தேதி எனக்கு முந்தியா இருக்கட்டும்” என்றார். உபதேசியார் மறுகேள்வி கேட்கவில்லை. “இதுல கள்ளம் இல்ல” என்று எழுதிக்கொண்டார்.

கள்ளமில்லாதவரை அவருக்குப் பிடிக்கும். கவுஞ்சியிலிருந்து கேரட் லாரியில் வரும் பூண்டு விவசாயி ஒருவர், எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் அல்லர். அந்தோணியாரிடம் நேர்த்திக்கடன் உண்டு என்பதற்காக இறங்கி வருவார். லாரிக்காரர் கீழேயிருந்து, “ஏலே, வெரசா வா, லோடு வாடுது” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். விவசாயி மூச்சு வாங்க நின்று, “எம்பூண்டு நல்லா வெளையணும். மத்தவன் பூண்டு பூராம் அழுகணும். எழுதிக்கங்கய்யா” என்பார். எக்ஸ்ரேயின் முகம் மலர்ந்துவிடும். எழுந்து நின்று கைகொடுப்பார். “ஊருக்குள்ள இவரு ஒருத்தருதான் ஆண்டவருகிட்ட பேசத் தெரிஞ்ச மனுசன்” என்று எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். பரம்பரையாகப் பூசை கண்டு வரும் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் எங்களிடம் புலம்புவார். “காபி வேணுமான்னு கேட்டா, என்ன கருத்துல கேக்குறேங்குறாரு டீச்சர். பால் திரியப் போகுது, அந்தக் கருத்துலதான்னேன். அப்பத்தான் குடிச்சாரு.”

புகார்கள் குவிந்தன. பங்குப் பேரவைக் கூட்டத்தில் சேவியரும் அமல்ராஜும், வாழ்நாளில் முதன்முறையாக ஒரே பக்கம் உட்கார்ந்து, உபதேசியாரை மாற்ற வேண்டும் என்றார்கள். பிலோமினா, தான் சொன்னது நல்ல எண்ணத்தில்தான் என்றாள். சேவியரும் நல்ல எண்ணத்தில்தான் என்றார். எனக்கு எரிச்சல் பொங்கியது.

அந்தத் தொடரின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ‘நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்’ என்று, ஒரு நல்ல காரியம் நடந்து முடிந்த பிறகு யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கெட்டது நடந்த இடத்தில்தான் அது வந்து நிற்கும். குரங்குக்கு மசாலா சிப்ஸ் கொடுத்து அதை நோயில் தள்ளும் சுற்றுலாப் பயணி அதைச் சொல்வார். எங்கள் தெருமுனைப் பேரிக்காய் மரத்தை வேரோடு வெட்டியவர்கள், பாதசாரிகளின் தலையில் காய் விழாதிருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு வெட்டியதாகச் சொன்னார்கள். எனக்கு நினைவு தெரிந்து ஒருவர் தலையிலும் காய் விழுந்ததில்லை. நல்ல நோக்கம், உயர்ந்த நோக்கம், உள்நோக்கம் எதுவும் இல்லை என்கிற உறுதிமொழி. செய்ததைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் நினைத்ததைப் பற்றிப் பேசித் தப்பிக்கிற இந்தக் கலையில் நம்மவர்களுக்கு இருக்கும் தேர்ச்சி எனக்கு அடங்காத ஆத்திரத்தைத் தருவது. முப்பது ஆண்டு வகுப்பறையில், சிந்திய மைக்குப்பிகளின் முன் நின்று இதைக் கேட்டவள் நான்.

ஆகவே அன்று கூட்டத்தில் எழுந்து உபதேசியாருக்காகப் பேசினேன். “மனத்தில் இருப்பதையே வாயால் சொல்பவர்கள் அவருக்கு அஞ்ச வேண்டியதில்லை” என்றேன். பேசிவிட்டு உட்கார்ந்தபோது மிகவும் திருப்தியாக இருந்தது. அவர் தப்பித்தார்.

என் முறை அதற்கடுத்த தையில் வந்தது.

எனக்கு ஒரே தங்கை, கிரேஸி. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையை மணந்துகொண்டு போனவள். அவர்கள் கடைக்கு வேண்டிய மலைவாழைப்பழம் எங்கள் மலையிலிருந்துதான் போயிற்று. பழத்தோடு பழக்கமும் வளர்ந்தது. அப்பா அவளை வீட்டுப் படி ஏறக் கூடாதென்று சொல்லிவிட்டார். அவரை இறுதிவரை பார்த்துக்கொண்டவள் நான். அவர் இறந்தபோது, கிரேஸிக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் தகவல் சொன்னேன். கோயிலில் வைத்து உறவினர்கள் அவளை ஏதாவது பேசிவிடக் கூடாது, அவள் மனம் புண்படக் கூடாது என்ற எண்ணத்தில். ஆம், நல்ல எண்ணத்தில்தான். அந்தத் தொடரை நானும் தொலைபேசியில் சொன்னேன். அவள் மறுமொழி சொல்லாமல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆண்டுதோறும் அவள் பிறந்த நாளன்று பழைய உபதேசியாரிடம் தனிக் கருத்தில் ஒரு பூசை வைத்துவந்தேன். எக்ஸ்ரே வந்த பிறகு அதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தையில், பழனிக்கு வாழைப்பழம் அனுப்பும் எங்கள் தெரு வியாபாரி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: “தங்கச்சிக்கு வயித்துல கட்டியாம் டீச்சர். வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆளு ரொம்பத் தளந்து போயிட்டாங்க.” அன்று இரவு நான் உறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

“சொல்லுங்க டீச்சர், என்ன கருத்து?”

“என் தங்கச்சி ஆபரேஷன் நல்லபடியா முடியணும். புதன்கிழமை பூசையில சேர்த்துக்கோங்க.”

அவர் எழுதவில்லை. “தங்கச்சியைப் பாத்து எம்புட்டு நாளாச்சு?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு? பழனிக்கும் நமக்கும் நடுவுல கடலா கெடக்கு? தெனம் எத்தனை பஸ்ஸு எறங்குது. அதான் கேட்டேன்.”

“எழுதச் சொன்னா எழுதுங்க. குடும்ப விசாரணை பண்றது உங்க சோலி இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “கோவிச்சுக்கிறாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பூசை தங்கச்சி பொழைக்கணும்னா, இல்ல நீங்க போகாம இருந்துக்கலாம்னா?”

ஒரு மனிதரை மை புட்டியால் அடிக்க எனக்குத் தோன்றிய ஒரே தருணம் அதுதான். மேசையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, தெருவே கேட்கும் குரலில், என் வயதையும் படிப்பையும் மறந்து சொன்னேன்: “போகணும்னு எனக்கு இல்லன்னா நினைக்கிறீங்க? இந்த நிமிஷமே போய் அவளைப் பாக்கணும்னுதான் இருக்கு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்? அப்பா முகத்தைக் கடைசியா ஒருதரம் பாக்க விடாம செஞ்ச பாவி நான்.”

நான் நேரே சாமியாரிடம் போனேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம், ஓர் ஊழியர் தமக்குரிய எல்லையை மீறுவதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். சொற்கள் நன்றாகவே வந்தன. சாமியார் பதறிப்போய் உபதேசியாரைக் கூப்பிட்டுவிட்டார்.

“டீச்சர் என்ன சொன்னாங்களோ, அதை அப்படியே எழுதுங்க. எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது.”

“அப்படியே எழுதிர்றேன் சாமி” என்றார் எக்ஸ்ரே, மிகுந்த பணிவோடு. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெற்றி பெற்ற களிப்பில் உறைக்கவில்லை.

புதன்கிழமைப் பூசைக்கு வழக்கமாக இருபது பேர் வருவார்கள். அன்று கோயில் திருவிழா நாள்போல நிறைந்திருந்தது. வராந்தாவில் நான் போட்ட சத்தம் அவ்வளவு தூரம் எட்டியிருந்தது. சாமியார் கையுறையைக் கழற்றினார், நோட்டை விரித்தார், அறிவிப்புச் சுருதியில் வாசித்தார்.

“டீச்சர் அவர்கள், பழனியில் உடல்நலமில்லாமல் இருக்கும் தங்கையை இந்த நிமிஷமே போய்ப் பார்க்க வேண்டும் என்று, ஆண்டவரை மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கோயில். அன்று யாரும் பழக்கத்தில் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

சாமியாரின் காது சிவந்துவிட்டது. எக்ஸ்ரே பீடத்தின் பக்கத்தில், மணியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரையே பார்த்திருந்தார். ஒரு நியாயம்: என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னதை அவர் எழுதவில்லை. எழுத்துக் குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தவர் அங்கே இரண்டு வரிகளைக் குறைத்திருந்தார். அதைக் கவனிக்கும் நிலையில் அன்று நான் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்த எனக்கு வீடு திரும்ப வழி கிடைக்கவில்லை. “இன்னும் கெளம்பலையா டீச்சர்?” என்றாள் பிலோமினா. அவளுடைய மாமியார் ஒரு பொட்டலம் சாக்லேட்டை என் கையில் திணித்து, “ஆபரேஷனுக்கு அப்புறம் குடுங்க, முந்திக் குடுத்துராதீங்க” என்றார். காட்டேஜ் சேவியர் ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விட்டுர்றேன், ஏறுங்க” என்றார். அமல்ராஜ் ஓடி வந்து, தம் வண்டியில் பழனிக்கே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அந்தச் சமயத்திலும் இருவரும் பார்ட்டியை மறிப்பதிலேயே இருந்தார்கள். இருவர் வண்டியிலும் ஏறாமல் நடந்தே பஸ் நிலையம் போனேன். இவர்கள் முகத்தில் இன்னும் ஒரு மணி நேரம் விழிக்க என்னால் முடியாது; எனக்கு வேண்டியிருந்தது அந்த ஊரைவிட்டுப் போவதுதான். முதலில் கிளம்பிய பஸ் பழனிக்குப் போவதாக இருந்தது.

பெருமாள்மலை தாண்டும்வரை உபதேசியாரிடம் சொல்ல வேண்டியவற்றை மனத்துக்குள் ஒழுங்குபடுத்தினேன். சவரிக்காட்டு வளைவுகளில் அதைத் திருத்தி, இன்னும் கூர்மையாக்கினேன். கீழே வரதமாநதி அணை தெரிந்தபோதுதான், நான் தங்கையிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று ஒரு வரிகூட யோசிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

பழனி வெயிலில் ஸ்வெட்டரும் சால்வையுமாக ஒரு கிழவி நடப்பதை மொட்டை போட்ட பக்தர்கள் வழிநெடுகத் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் தங்கையின் கணவர் டப்பாக்களில் பஞ்சாமிர்தம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க மதினி” என்றார், நேற்றுத்தான் வந்து போனவளைக் கூப்பிடுவதுபோல. “உள்ளதான் இருக்கா, போங்க.”

கிரேஸி பின்கட்டில் ஒரு நாற்காலியில், வயிற்றின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“என்னக்கா, யாரு செத்தா?”

ஒன்பது ஆண்டு கழித்து ஒரு தங்கை அக்காவிடம் கேட்கும் முதல் கேள்வி. கேட்க அவளுக்கு உரிமை இருந்தது.

“யாரும் சாகல.”

“அப்ப எதுக்கு வந்த?”

உன்மேல் உள்ள அன்பினால், உன் நலத்தை எண்ணி என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். “கோவத்துல வந்தேன்” என்றேன்.

“யாரு மேல, எம்மேலயா?”

“எங்க கோயில் உபதேசியார் மேல.”

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். சேவியர் காட்டேஜ், பிலோமினாவின் மாமியார், பூண்டு விவசாயி, கடைசியில் காலையில் நான் பட்ட அவமானம் என்று எல்லாவற்றையும், அடங்காத கோபத்தோடு, மூச்சுவிடாமல் சொன்னேன். மாமியார் மருமகளுக்கு முந்திய தேதி கேட்ட இடத்தில் அவள் உதடு துடித்தது. கதை காலைப் பூசைக்கு வந்தபோது வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காதக்கா, வலிக்குது.”

அவள் சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னேன். “அப்பா விஷயத்துல நான் உனக்குச் செஞ்சது அநியாயம் கிரேஸி.” அதற்கு முன்னும் பின்னும் வேறு எதையும் ஒட்டவில்லை.

“அதுக்கு உன்னை நல்லாக் கேக்கணும்னு வெச்சிருக்கேன். ஆபரேஷன் முடியட்டும்” என்றாள். பிறகு, “கூட ஒரு பொம்பள ஆளு இருக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. இருக்கியா?”

பன்னிரண்டு நாள் இருந்தேன். கட்டி சாதாரணக் கட்டிதான் என்று சொன்னார்கள். பத்தாம் நாள், தையல் பிரித்த பிறகு, அவள் சொன்னபடியே என்னை நன்றாகக் கேட்டாள். அந்தச் சண்டையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. முடிந்தபோது இருவரும் ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வராந்தாவுக்குப் போனேன். வளைவுக்கு வளைவு தீட்டி வைத்த பேச்சு ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது. அதை வீணாக்க மனமில்லை.

“நீங்க செஞ்சது அக்கிரமம். ஊர் முன்னால என்னை நிக்க வெச்சீங்க. நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்னு மட்டும் தயவுசெய்து சொல்லிராதீங்க.”

எக்ஸ்ரே நெற்றியைச் சுருக்கி, யாரோ தம்மிடமே பூசைக்குக் கருத்து கேட்டதுபோல நெடுநேரம் யோசித்தார்.

“இல்ல டீச்சர். நானும் உள்ள தோண்டிப் பாத்துட்டேன். அன்னைக்கு உங்க மேல எனக்குக் கடுப்புதான் இருந்துச்சு. சாமிகிட்டப் போயி மாட்டி விட்டீங்கல்ல.” பிறகு சற்றுத் தயங்கி, “தங்கச்சி கஞ்சி குடிக்கிறாங்களா?” என்றார்.

எனக்குத் தெரிந்தவரை, தம் எண்ணத்தைக் குறித்து ஒருவர் சொன்ன பதில்களில் பொய் கலவாதது அது ஒன்றுதான். என் பேச்சின் மீதிப் பகுதியைக் கைவிட்டேன். “குடிக்கிறா” என்றேன்.

போன ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். இப்போதைய உபதேசியார் இனிமையானவர். கைப்பேசியிலேயே எல்லாம் எழுதிக்கொள்வார், எதையும் கேட்கமாட்டார். எக்ஸ்ரேவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லில் அறுவைச் சிகிச்சை. புதியவர் என்னைப் பார்த்து, “அய்யாவுக்காக ஒரு பூசை போட்டுரவா டீச்சர்?” என்று கேட்டார். போடுங்கள், ஆனால் அன்று நான் ஊரில் இருக்கமாட்டேன் என்றேன். கிரேஸி பழனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். மலைப்பாதை வளைவுகள் எக்ஸ்ரேயின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவர் மனைவி சொன்னார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்து கொடுக்கலாமென்று, ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.